பழைய நாடாவும் புதிய தட்டும்

தலைநகரில் நாம் குடியிருக்கும் அரசினர் குடியிருப்பில், தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றிவரும் அன்பர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் மாலை அவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு நம் இல்லத்திற்கு வந்து, ஒரு வழக்கைத் தீர்ப்புக்கு வைத்தார். கல்லூரியில் பயிலும் அப்பிள்ளை, தன் சேமிப்புப் பணத்தைக் கொண்டு வெளிநாட்டிலிருந்து ஓர் இசைத்தட்டை வரவழைத்திருக்கிறான். 1974ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த தட்டு ஒன்றின் மறுபதிப்பு அது.

"முதலில் வந்தபோதே அது சரியாக அமையவில்லை என்று இவனே சொல்கிறான். சரியில்லாத ஒன்றை ஐம்பது வருஷம் கழித்து மறுபடி எதற்கு ஸார் வெளியிட வேண்டும்? அதை இவன் எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?" என்பது தந்தையின் வாதம்.

"பாட்டு அதேதான், மாமா. ஆனால் கேட்பது அதே அல்ல" என்பது மகனின் விடை.

தந்தையின் கேள்வி நியாயமானது. மகனின் விடையும் உண்மையே, விளக்கந்தான் போதவில்லை. அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் மூடிய அறைக் கதவுக்குப் பின்னால் இவ்வகை இசை முழங்குவதை நாம் அறிவோம். ஆதலின், அப்பிள்ளையின் தட்டையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, பழைய ஒலிப்பதிவு ஒன்று மறுபதிப்புப் பெறுவது எவ்வாறு, எதற்காக என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அப்பிள்ளை வாங்கிய தட்டு, ஜூடாஸ் பிரீஸ்ட் என்னும் ஆங்கிலேயக் குழுவினரின் முதல் தொகுப்பு. 'ராக்கா ரோலா' என்பது அதன் பெயர். இக்குழுவினர் வாசிப்பது 'ஹெவி மெட்டல்' எனப்படும் இசை. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் நாம் இதனைக் 'கனத்த உலோகம்' என்று பெயர்த்துவிடலாம். எனினும் அச்சொல் இசையின் தன்மையை முழுமையாக உணர்த்தாது. மின்சாரத்தால் பெருக்கப்பட்டு, வேண்டுமென்றே கரகரப்பாக்கப்பட்ட கித்தார் ஒலி, அதற்கு ஈடுகொடுக்கும் பெரு முரசு, இவ்விரண்டிற்கும் மேலே எழும் உச்சஸ்தாயிக் குரல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அவ்விசை.

அது பிறந்த இடம் மத்திய இங்கிலாந்தின் பர்மிங்ஹாமும் அதனை அடுத்த தொழில் நகரங்களுமாகும். உலைகளும் சம்மட்டிகளும் நிறைந்த ஊர்கள் அவை. இவ்விசைக்கு முன்னோடிகளான பிளாக் சாபத் குழுவின் கித்தார்க் கலைஞர் டோனி ஐயோமி, தம் 17ஆம் வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கி விரல் உறை செய்துகொண்டு, மெல்லிய தந்திகளைப் பூட்டி, அவர் மீண்டும் வாசிக்கத் தலைப்பட்டார். ஜூடாஸ் பிரீஸ்ட் குழு 1969இல் அதே வட்டாரத்தில் உருவாயிற்று. பாடகர் ராப் ஹால்ஃபோர்ட், கித்தார்க் கலைஞர்கள் கே. கே. டௌனிங், கிளென் டிப்டன், தாழ்சுருதிக் கித்தார் வாசிக்கும் இயன் ஹில் ஆகியோர் அதில் புகழ்பெற்றவர்கள். டிப்டன் இசைக்கு வருமுன் எஃகு நிறுவனமொன்றில் தொழில் பயின்றவர்.

1974இல் 'கல் ரெக்கார்ட்ஸ்' என்னும் சிறிய நிறுவனம் இவர்களை ஏற்றுக்கொண்டது. 'கல்' என்பது ஆங்கிலத்தில் கடற்பறவை ஒன்றின் பெயர், நம் கல்லன்று. பிளாக் சாபத்தின் முதல் மூன்று தொகுப்புகளைத் தயாரித்த ராட்ஜர் பெயின் என்பவரே இதற்கும் தயாரிப்பாளர். அனுபவம் மிக்கவர்தாம். எனினும் இளங்குழுவினருக்கும் அவருக்கும் கருத்து ஒன்றவில்லை. மேடையில் மக்கள் விரும்பிக் கேட்ட பாடல்கள் சிலவற்றை அவர் தொகுப்பில் சேர்க்கவில்லை. பத்து நிமிடம் நீண்ட உருப்படி ஒன்றை இரண்டு நிமிட வாத்திய இசையாகக் குறுக்கிவிட்டார். போதாக்குறைக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் கருவிக் கோளாறுகளும் நேர்ந்தன. தட்டு வெளிவந்தபோது, ஓசை மெலிந்தும் நாடாவின் இரைச்சல் கலந்தும் இருக்கக் கண்டு குழுவினர் மனம் நொந்தனர். சில ஆயிரம் படிகளே விற்றன.

அடுத்து 1976இல் 'சாட் விங்ஸ் ஆஃப் டெஸ்டினி' என்னும் இரண்டாம் தொகுப்பு வெளிவந்தது. முன்னதில் விலக்கப்பட்ட பாடல்கள் சில இதில் இடம்பெற்றன. இதனை உருவாக்கிய நாட்களில் குழுவினர் நாளொன்றுக்கு ஒருவேளை உணவோடு காலந்தள்ளியதாகவும், வயிற்றுப்பாட்டுக்காகச் சில்லறை வேலைகள் பார்த்ததாகவும் வரலாறு கூறுகிறது. இன்று அத்துறையின் தலையாய படைப்புகளுள் ஒன்றாக இத்தொகுப்பு போற்றப்படுகிறது. ஆனால் அன்று அதனால் அவர்கள் வறுமை தீரவில்லை.

எனவே 1977இல் அவர்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, சி.பி.எஸ். என்னும் பெரிய நிறுவனத்திற்குச் சென்றனர். அதற்குக் கொடுத்த விலைதான் நாம் கவனிக்க வேண்டியது. முதலிரண்டு தொகுப்புகளின் உரிமையும், அக்காலத்து மாதிரிப் பதிவுகளின் உரிமையும் பழைய நிறுவனத்திடமே நின்றுவிட்டன. பாடியவர்கள் வெளியேறினார்கள், பாடிய குரல் வெளியேற முடியவில்லை.

பின்னர் நிகழ்ந்தது எதிர்பார்க்கக்கூடியதே. குழுவினரின் புகழ் வளர வளர, பழைய பதிவுகளுக்கும் மதிப்பேறிற்று. 1978இல் அவற்றிலிருந்து ஒரு 'சிறந்த பாடல்கள்' தொகுப்பு வெளியாயிற்று. 1981இல் 'ஹீரோ, ஹீரோ' என்ற பெயரில் இரட்டைத் தட்டு ஒன்று வந்தது. குளிர்பான மூடியைப் போன்ற ஓவியம் தாங்கிய 'ராக்கா ரோலா'வின் உறை, 1980களின் மறுபதிப்புகளில் முற்றிலும் வேறான ஓவியத்தைப் பெற்றது. கடைக்குச் சென்ற இளைஞன் புதிய பெயரையும் புதிய உறையையும் கண்டு, புதிய பாடல்கள் என எண்ணி வாங்கி ஏமாந்திருக்கவும் கூடும். 2001ஆம் ஆண்டு முதல் இக்குழுவின் பழைய தொகுப்புகள் வரிசையாகச் செப்பஞ்செய்து வெளியிடப்பட்டபோது, உரிமை வேறிடத்தில் இருந்தமையால் இவ்விரண்டும் அவ்வரிசையில் இடம்பெறவில்லை.

மறுபதிப்பு என்ற ஒரே சொல், வேறுபட்ட மூன்று செயல்களைக் குறிக்கிறது. அவற்றைப் பிரித்தறியாததே நம் அன்பருக்கு ஏற்பட்ட மயக்கத்தின் காரணம்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒவ்வொரு வாத்தியமும் ஒவ்வொரு குரலும் அகன்ற காந்த நாடாவில் தனித்தனித் தடங்களாகப் பதியப்படுகின்றன. அக்காலத்தில் 16 அல்லது 24 தடங்கள் கொண்ட நாடாக்கள் வழக்கிலிருந்தன. பின்னர் அத்தடங்களை அளவறிந்து கலந்து, இடம் வலம் என்னும் இரண்டே தடங்களாக ஆக்குவர். இதற்குக் கலவை என்று பெயர். கலவைக்குப் பின், தட்டுக்கு ஏற்றவாறு ஒலியைச் சமன்செய்து மூலப்படி ஆக்குவர். அம்மூலப்படியிலிருந்தே தட்டுகள் வார்க்கப்படும்.

இதனைச் சமையலோடு ஒப்பிடலாம். தனித் தடங்கள் நறுக்கி வைத்த காய்கள். கலவை என்பது கொதித்து இறக்கிய சாம்பார். மூலப்படி என்பது பரிமாறுமுன் உப்புப் பார்த்தல். பழைய மூலப்படியிலிருந்தே மீண்டும் தட்டு வார்ப்பது முதல்வகை மறுபதிப்பு. நேற்றைய சாம்பாரை அப்படியே எடுத்து வைப்பது போன்றது. கலவையை மாற்றாமல், மூலப்படியை மட்டும் புதிதாகச் செப்பஞ்செய்வது இரண்டாம் வகை. சூடாக்கி உப்பைச் சரிபார்ப்பது போன்றது. தனித் தடங்களுக்கே திரும்பிச் சென்று, எந்த வாத்தியம் எவ்வளவு ஒலிக்க வேண்டும் என முதலிலிருந்து தீர்மானித்து மறுகலவை செய்வது மூன்றாம் வகை. நறுக்கிய காய்கள் கெடாமல் இருந்தால், சாம்பாரையே மறுபடி வைத்துவிடலாம்.

நம் பிள்ளை வாங்கியது இம்மூன்றாம் வகையைச் சார்ந்தது. பழைய பதிவுகள் மீது அண்மையில் குழுவினருக்கு மீண்டும் ஆளுகை கிடைத்தது. ரீச் மியூசிக் என்னும் நிறுவனத்தின் துணையோடு, ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 2024 செப்டம்பரில் 'ராக்கா ரோலா' மறுகலவை பெற்று வெளிவந்தது. அதனைச் செய்தவர் டாம் ஆலம். பிளாக் சாபத்தின் தொடக்கப் பதிவுகளில் ஒலிப்பொறியாளராக இருந்தவர் அவர். பின்னர் 1979 முதல் 1988 வரை ஜூடாஸ் பிரீஸ்ட் தொகுப்புகள் பலவற்றைத் தயாரித்தவர். அதாவது அந்த ஊரின் இசையையும் அந்தக் குழுவின் மனத்தையும் ஒருங்கே அறிந்தவர். இருபத்து சொச்சம் வயதில் தம் விருப்பப்படி ஒலிக்காத இசையை, எழுபது வயது கடந்த பின் அக்கலைஞர்கள் விரும்பியவாறு கேட்கப் பெற்றனர்.

இஃது எல்லோருக்கும் உவப்பாகுமோ எனில், ஆகாது. 1974இன் தட்டைப் பலகாலம் கேட்டுப் பழகியவர்களுக்கு அதன் மெலிந்த ஓசையே உண்மையாகத் தோன்றும். அவர்கள் வாதத்திலும் பொருளுண்டு. மொழிபெயர்ப்பில் நாம் இதனை நாள்தோறும் காண்கிறோம். மூலத்தில் ஒரு வாக்கியம் இடறினால், பெயர்ப்பிலும் இடறவிடுவதா, நேராக்குவதா? நேராக்கலாம், ஆனால் நேராக்கினோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும், மூலத்தையும் கிழித்தெறியாமல் வைத்திருக்க வேண்டும். இசைத்தட்டுக்கும் நாம் கூறக்கூடிய நெறி இதுவே. புதிய கலவை பழைய கலவைக்குத் துணையாக நிற்கலாம். அதனை அழித்து அதன் இடத்தில் அமரலாகாது.

மூலத்தை இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு மற்றோர் ஆங்கிலேயக் குழுவின் வரலாறு சான்றாகிறது. அயர்ன் மெய்டன் என்னும் லண்டன் குழுவினர், 1978 டிசம்பர் 30, 31 ஆகிய நாட்களில் கேம்பிரிட்ஜ் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் நான்கு பாடல்களைப் பதிவு செய்தனர். மூல நாடாவை விலைக்கு வாங்க 50 பவுன் வேண்டியிருந்தது. கையில் பணமில்லை. சில வாரங்கள் கழித்துப் பணத்துடன் திரும்பியபோது, நாடா அழிக்கப்பட்டு வேறு பதிவுக்குப் பயன்பட்டுவிட்டது. அந்நாளில் நாடா விலையுயர்ந்த பொருள்; பணம் கட்டாதவரின் நாடாவை மீண்டும் பயன்படுத்துவது கூடங்களின் வழக்கம்.

எஞ்சியது அவசரத்தில் செய்த கலவையின் படி மட்டுமே. லண்டனில் இவ்விசைக்கென நடந்துவந்த நடனக்கூடம் ஒன்றில் அப்படி ஒலிக்க, இளைஞர்கள் மீண்டும் மீண்டும் அதனையே விரும்பிக் கேட்டனர். அவற்றுள் மூன்று பாடல்கள் 1979 நவம்பரில் 'சவுண்ட்ஹவுஸ் டேப்ஸ்' என்ற சிறு தட்டாக, 5,000 படிகள் மட்டும் வெளியிடப்பட்டு அஞ்சல் வழியே விற்கப்பட்டன. இன்று அதற்குச் சேகரிப்போரிடையே பெருவிலை. போலிப் படிகளும் மலிந்துவிட்டன. 1996இல் வெளிவந்த ஒரு பெருந்தொகுப்பின் இசைத்தட்டுப் பதிப்பில் அப்பழைய பதிவுகள் மீண்டும் இடம்பெற்றன. ஆனால் அவற்றை எவராலும் மறுகலவை செய்ய இயலாது. காய்கள் போயின, சாம்பார் மட்டும் இருக்கிறது.

அதே 1979 நவம்பர் 14ஆம் நாள், பிரிட்டிஷ் வானொலியாகிய பி.பி.சி. தன் ராக் இசை நிகழ்ச்சிக்காக அவர்களைப் பதிவு செய்தது. வானொலி அந்நாடாவைக் காப்பாற்றி வைத்திருந்தமையால், 2002இல் அது குறுந்தட்டாக வெளிவந்தது. ஒரு நாடா அழிய, மற்றொரு நாடா பிழைத்தது. வானொலி நிலையங்களும் இடப்பற்றாக்குறையாலும் சிக்கனத்தாலும் நாடாக்களை அழித்ததுண்டு. ஆதலால் பிழைத்தவை எவையும் தாமாகப் பிழைத்தவையல்ல. எவரோ ஒருவர் பெட்டியின்மேல் நாளும் பெயரும் எழுதி, அலமாரியில் வைத்ததன் பயன் அது.

நம்மவர்க்கு இக்குழுவோடு நேரான தொடர்பும் ஒன்றுண்டு. 2007 மார்ச் 17ஆம் நாள் அயர்ன் மெய்டன் குழுவினர் பெங்களூர் அரண்மனைத் திடலில் கச்சேரி செய்தனர். இந்திய மண்ணில் அவர்களுடைய முதல் நிகழ்ச்சி அது; 2009இலும் அந்நகருக்கு மீண்டும் வந்தனர். பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது கேள்விப்பட்ட செய்தியன்று. தம் ஊர் நிகழ்ச்சி.

சட்டத்தின் நிலையையும் சுருக்கமாகக் காண்போம். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் அடங்கியுள்ளன. பாட்டை இயற்றியவரின் உரிமை ஒன்று. அதனைப் பதிவு செய்த ஒலியின் உரிமை மற்றொன்று. இரண்டாவது பெரும்பாலும் செலவிட்ட நிறுவனத்தைச் சேரும். இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நிற்கும். பிரிட்டனில் இது 50 ஆண்டுகளாக இருந்து, 2013இல் 70 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. அந்நீட்டிப்போடு ஒரு நல்ல விதியும் சேர்ந்தது. 50 ஆண்டுகள் கடந்த பின் நிறுவனம் அப்பதிவைப் போதிய அளவில் விற்பனைக்கு வைக்காவிடில், கலைஞர் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து உரிமையைத் திரும்பப் பெறலாம். ஒப்பந்தத்தில் அவசரமாகக் கையெழுத்திட்ட இளைஞனுக்கு முதுமையில் கிடைக்கும் சிறு நீதி இது எனலாம். நம் இல்லங்களில் பாடவும் வாசிக்கவும் பழகும் பிள்ளைகள், பதிவு செய்ய முன்வருவோர் நீட்டும் தாளை முழுதும் படித்த பின்னரே கையெழுத்திட வேண்டும் என்பதற்கும் இவ்வரலாறு போதுமான பாடம்.

மறுபதிப்பு வாங்குவோர் மூன்றைப் பார்த்து வாங்குதல் நன்று. செப்பஞ்செய்ததா, மறுகலவையா என்பது உறையில் தெளிவாகக் குறிக்கப்பட்டுள்ளதா? கலைஞரின் இசைவு பெற்றதா? பழையதைவிட வெறுமனே உரக்க ஒலிப்பதைத் தவிர வேறு மேன்மை உண்டா? 1990களிலிருந்து வெளிவந்த மறுபதிப்புகள் பலவற்றில், மெல்லொலியையும் வல்லொலியையும் ஒரே மட்டத்திற்கு அழுத்தி உரத்த ஓசையாக்கும் வழக்கம் மலிந்தது. முதலில் காதுக்கு எடுப்பாக இருக்கும். சற்று நேரத்தில் களைப்பூட்டும்.

இவற்றையெல்லாம் எடுத்துரைத்தபோது நம் அன்பர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர், "எங்கள் வீட்டிலும் ஒரு நாடா இருக்கிறது. என் தாயார் பேத்திக்குத் தாலாட்டுப் பாடினது. கேசட்டில் பிடித்தது. அவர் போய்ப் பதினெட்டு வருஷம் ஆயிற்று. போட்டுக் கேட்கப் பயமாக இருக்கிறது, அறுந்துவிடுமோ என்று" என்றார். மகன் நிமிர்ந்து தந்தையைப் பார்த்தான். அப்படி ஒரு நாடா இருப்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும்.

அயலூரில் வாழும் நம் குடும்பங்களில் இத்தகைய நாடாக்கள் எத்தனையோ உண்டு. அவற்றுக்கு மறுபதிப்பு வெளியிட எந்த நிறுவனமும் வாராது. நாமே செய்தாக வேண்டும். முறை கடினமன்று. நாடாவை வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைக்க வேண்டும். பூஞ்சை படர்ந்த நாடாவையும் பிசுபிசுக்கும் நாடாவையும் இயக்கக் கூடாது. 1970களின் தொழில்முறை நாடாக்கள் சில ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போவதுண்டு. அவற்றைச் சுமார் 50 பாகை வெப்பத்தில் பல மணி நேரம் பதமாகச் சூடேற்றியே வல்லுநர்கள் இயக்குகின்றனர். வீட்டில் இதனைச் செய்து பார்க்கலாகாது. நல்ல நிலையிலுள்ள நாடாவை, தலைப்பகுதி துடைத்துச் சுத்தஞ்செய்த இயந்திரத்தில் ஒரே முறை ஓடவிட்டு, சுருக்கப்படாத கோப்பாகக் கணினியில் பதிவு செய்ய வேண்டும். இரைச்சல் நீக்கும் வேலையையெல்லாம் அதன் நகலில் மட்டுமே செய்ய வேண்டும். முதற்கோப்பை இரு வேறு இடங்களில் சேமித்து, யார், எப்போது, எங்கே என்பதை எழுதிவைக்க வேண்டும். மூல நாடாவை எறிந்துவிடக் கூடாது. இன்று இயலாதது நாளை இயலும். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் 1970களின் இறுதியில் தம் வீட்டுக் கேசட்டில் பதிந்த குரலை, பியானோ ஒலியிலிருந்து கணினியின் துணையால் பிரித்தெடுத்து, 2023இல் ஒரு பாடலாகவே வெளியிட்டார்கள். கொதித்த சாம்பாரிலிருந்தும் காயைப் பிரிக்கும் வித்தை மெல்லக் கைகூடி வருகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பிள்ளை நண்பனொருவனிடமிருந்து இயந்திரம் இரவல் வாங்கி வந்து, பாட்டியின் நாடாவைக் கணினியில் ஏற்றினான். நம்மையும் அழைத்திருந்தனர். முதலில் நாடாவின் இரைச்சல். பின்னர் எங்கோ ஒரு மின்விசிறியின் சுழற்சி. அதன்பின் தளர்ந்த, ஆனால் சுருதி பிசகாத ஒரு குரல். இடையில் ஒரு வண்டிக்காரர் தெருவில் கூவிச் செல்லும் ஓசையும் பதிவாகியிருந்தது. "இரைச்சலை எடுத்துவிடட்டுமா, அப்பா?" என்று மகன் கேட்டான். "நகலில் எடு, இதில் இருக்கட்டும்" என்றார் தந்தை.

வழக்கு முடிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொண்டு புறப்பட்டோம். ஆங்கிலத் தட்டின் விலையைப் பற்றி அன்று எவரும் பேசவில்லை.